அப்பாவின் லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாறினால் குரல் தரம் எப்படி இருக்கும்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பென்னாகரம் பக்கம் கிராமத்தில் அப்பா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். நீங்கள் ஓசூரில், தம்பி சிங்கப்பூரில். வாட்ஸ்அப்பில் பேசினால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது, மறுநாள் பாதி வார்த்தை காணாமல் போகிறது. வீட்டில் இருக்கும் பழைய செப்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்பாவோ "இதுல பேசுனாத்தான் எனக்குக் கேக்குது" என்று விட மறுக்கிறார். இன்டர்நெட் காலில் குரல் உண்மையிலேயே மட்டமா, இல்லை அப்பாவுக்குப் பழக்கம்தான் காரணமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. குரல் எவ்வளவு முழுமையாக வருகிறது என்பது ஒன்று. பேச்சு எவ்வளவு தடங்கல் இல்லாமல் ஓடுகிறது என்பது இன்னொன்று. முதலாவதில் இன்டர்நெட் ஜெயித்து வெகுகாலமாகிறது. இரண்டாவதில், நல்ல நிலையில் இருக்கும் ஒரு செப்புக் கம்பியை மிஞ்சுவது இன்றைக்கும் சுலபமில்லை. அப்பா சொல்வது இரண்டாவதைப் பற்றி என்றுதான் எனக்குப் படுகிறது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கற்றவன். அப்புறம் ஓசூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஐபி ஃபோன், அதாவது இன்டர்நெட் முறையில் ஓடும் ஃபோன், அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். அந்த இரண்டு பக்க அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பழைய டெலிபோன் குரலை முழுசாகக் கொண்டுபோனதே இல்லை. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை (ஒலி செகண்டுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு) உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழேயும் மேலேயும் வெட்டிவிடும். பேசுவது புரிய இவ்வளவு போதும் என்று அந்தக் காலத்தில் கணக்குப் போட்டு வைத்த எல்லை அது. எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆனபோதும் அதே எல்லையைத்தான் வைத்துக்கொண்டார்கள். குரலை ஒரு செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் செகண்டுக்கு 64 கிலோபிட். 1972-இல் ஜி.711 என்ற பெயரில் தரநிலையான இந்த முறையில்தான் உலகம் முழுக்க லேண்ட்லைன்கள் ஓடின. ஸ, ஃப போன்ற ஒலிகளின் உயிர் பெரும்பாலும் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஃபோனில் பான் கார்டு நம்பர் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா?" என்று எதிராளி திருப்பிக் கேட்பது அதனால்தான். அவர் காதில் கோளாறு இல்லை, அந்த ஒலி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

இன்டர்நெட் காலுக்கு அந்த எல்லையை மதிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும் ஜி.722 முறை 1988-லேயே வந்துவிட்டது. குரலை டிஜிட்டலாக மாற்றிச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2012-இல் தரநிலையான ஓபஸ் என்ற கோடெக், வழி நன்றாக இருந்தால் மனிதக் காது கேட்கும் அளவு முழுவதையும் அனுப்பும். வழி மோசமானால் தானாகவே செகண்டுக்கு 6 கிலோபிட் வரை சுருங்கிக்கொள்ளும். தம்பியின் குரல் பக்கத்தில் இருப்பதுபோல் வரும் நாளில் உங்கள் காதுக்குக் கிடைப்பது லேண்ட்லைன் ஒருநாளும் தந்திராத ஒலி.

இன்னொரு பக்கமும் உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க குரலைப் பிழிந்து அனுப்பும் கோடெக்குகளும் இருக்கின்றன. ஜி.729 என்பது 8 கிலோபிட்டில் வேலையை முடித்துவிடும். ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி 5-க்கு மதிப்பெண் போடும் சோதனையில் ஜி.711 4-க்குக் கொஞ்சம் மேல் வாங்கும்; ஜி.729 3.9 பக்கம் வாங்கும். மனிதத் தொண்டையின் ஒலியை மாதிரியாக வைத்துச் சுருக்குகிற முறை என்பதால் பேச்சைத் தாண்டி எதைக் கொடுத்தாலும் குழம்பிவிடும். கஸ்டமர் கேரில் காத்திருக்கும்போது வரும் பாட்டு, தண்ணீருக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்பதற்கு இந்த வகைக் கோடெக்குகள் ஒரு முக்கியக் காரணம். இன்டர்நெட் கால் என்று பொதுவாகச் சொல்லும்போது இவை எல்லாமே அதில் அடங்கும். "இன்டர்நெட் கால் நல்லதா கெட்டதா" என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

சரி, இவ்வளவு குறுகின ஒலியை வைத்துக்கொண்டு லேண்ட்லைன் எப்படி நல்ல பெயர் வாங்கியது? நீங்கள் நம்பர் சுழற்றி எதிர்முனை எடுத்ததும், அந்த முனையிலிருந்து இந்த முனை வரை ஒரு பாதை உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். நீங்கள் பேசினாலும் பேசாமல் இருந்தாலும் அதில் வேறு யாரும் நுழைய முடியாது. பென்னாகரத்திலிருந்து சென்னைக்குப் பேசினால் தாமதம் சில மில்லி செகண்ட், மிஞ்சிப்போனால் இருபது. கடைசி வரை அது மாறாது. இன்னொரு சின்ன ஏற்பாடும் அதில் உண்டு: நீங்கள் பேசுவதில் கொஞ்சம் உங்கள் காதுக்கே ரிசீவர் வழியாகத் திரும்பி வரும்படி கருவியிலேயே வைத்திருந்தார்கள். லைன் உயிரோடு இருக்கிறது, நான் பேசுவது போகிறது என்ற நிச்சயம் அதனால் வரும். அப்பாவுக்கு அது பெயர் தெரியாத சௌகரியமாக இருக்கலாம்.

இன்டர்நெட் காலில் அப்படித் தனிப் பாதை கிடையாது. குரலை 20 மில்லி செகண்டுக்கு ஒன்றாகத் துண்டு போட்டு, செகண்டுக்கு 50 பாக்கெட் என்று பொதுவழியில் அனுப்பிவிடுவார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓசூருக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ் சரியாகக் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கூட்டம் என்றால் ஓசூரில் 40 நிமிஷம் ஒன்றுமே வராது, அப்புறம் மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வரும். குரல் பாக்கெட்டுகளுக்கும் இதே கதிதான். வந்தது வந்தபடி ஒலிபரப்பினால் பேச்சு திக்கும் என்பதால், கேட்கும் பக்கத்துக் கருவி கொஞ்சம் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீராக விடும். இந்தச் சேமிப்பு சின்னதாக இருந்தால் லேட்டாக வந்த பாக்கெட்டைத் தூக்கி எறியவேண்டியிருக்கும், வார்த்தை போய்விடும். பெரிதாக வைத்தால் வார்த்தை போகாது, தாமதம் கூடிவிடும். இன்டர்நெட் காலின் குறைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பேரம்தான்.

தாமதம் குரல் தரமாக யாருக்கும் தோன்றாது, ஆனால் பேச்சைக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை. ஒரு வழிக்கு 150 மில்லி செகண்ட் வரை பெரும்பாலோருக்குத் தொந்தரவு தெரியாது என்றும், 400-ஐத் தாண்டவே கூடாது என்றும் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. நடுவில் இருக்கும் பகுதியில்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆங், சொல்லு" என்று ஆரம்பித்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள். வயதானவர்களுக்கு இது எரிச்சலாகி "எனக்குக் கேக்கல, வெச்சுடறேன்" என்று முடித்துவிடுவார்கள். கேட்காமல் இல்லை, முறை வைத்துப் பேச முடியவில்லை.

சிங்கப்பூர் தூரம் என்பதால் தாமதம் என்று நினைக்கவேண்டாம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் 3000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கடலைத் தாண்ட 16 மில்லி செகண்ட் போதும். தருமபுரியிலிருந்து சென்னை வரை இன்னும் ஒன்றரை, இரண்டு. மிச்ச தாமதமெல்லாம் துண்டு போடுவதில், சேர்த்து வைப்பதில், டவரில், உங்கள் வீட்டு ரவுட்டரில். சேட்டிலைட் வழியாகப் போன பழைய ஐஎஸ்டி கால்களில்தான் தூரமே குற்றவாளி. 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்குவதற்கு ஒரு வழிக்கே கால் செகண்ட் ஆகும்.

எதிரொலி பற்றி ஒரு விதி, ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால் கோளாறு எதிர்ப்பக்கம். அவருடைய ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. தம்பியை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இடையில் எங்கே கெடுகிறது என்பதில் ஜனங்கள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். குரல் சரியில்லை என்றதும் 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குவார்கள். ஒரு காலுக்கு, சுருக்காமல் ஜி.711-இல் அனுப்பினாலும் முகவரித் தகவலோடு சேர்த்துச் சுமார் 80 கிலோபிட்தான் வேண்டும். வேகம் பிரச்சினையே இல்லை, வரிசையில் முந்தி நிற்பதுதான் பிரச்சினை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மதியம் ஆனால் எல்லா ஐபி ஃபோன்களிலும் குரல் உடைகிறது என்று புகார். கடைசியில் பார்த்தால், அந்த நேரத்தில் சிசிடிவி பதிவுகளைத் தலைமை அலுவலகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஃபைல் ரவுட்டரின் வரிசையை நிரப்பிவிட, சின்னக் குரல் பாக்கெட்டுகள் பின்னால் நின்றன. குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரவுட்டரில் மாற்றியதும் அதே லைனில், அதே வேகத்தில் சரியாகிவிட்டது. வீட்டில் இதே வேலையைச் செய்வது ராத்திரி வைஃபை கிடைத்ததும் ஃபோட்டோக்களைத் தானாக மேலேற்றும் உங்கள் மொபைல்தான். அப்புறம் வைஃபை. இரண்டு மண்சுவர் தாண்டின அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டு கட்டை காட்டும், யூடியூப்கூட ஓடும். ஆனால் பேச்சு உடையும். யூடியூப் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளலாம், பேச்சை அப்படிச் சேர்க்க வழியில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். இன்றைக்கு நீங்கள் மொபைலில் சாதாரணமாகப் போடும் 4ஜி காலும் (வோல்ட்இ, VoLTE என்று போடுவார்கள்) இன்டர்நெட் முறையில் பாக்கெட்டாகத்தான் போகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து நம் ஊரில் இது பரவலாகிவிட்டது. ஆனால் டவர் அந்தக் காலுக்கென்று குறிப்பிட்ட இடத்தை உறுதியாக ஒதுக்கிவிடும், தாமதத்துக்கும் எல்லை வைத்திருக்கும். அதே மொபைலில், அதே டவரில் வாட்ஸ்அப் கால் போட்டால் அது வீடியோ பார்ப்பவர்களோடும் ரீல்ஸ் தள்ளுபவர்களோடும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் டவரில் கூட்டம் கூடும்போது சாதாரண கால் தாக்குப்பிடிக்கும், வாட்ஸ்அப் கால் திணறும். ஓசூரிலிருந்து அப்பாவின் மொபைலுக்குப் பேசும்போது வாட்ஸ்அப்புக்குப் போகவேண்டிய காரணமே இல்லை. இரண்டு பக்கமும் வோல்ட்இ என்றால் பெரும்பாலும் 7000 ஹெர்ட்ஸ் வரை அகல ஒலியும் கிடைக்கும். மலையோரத்தில் சிக்னலே ஏறாத வீடு என்றால், 2019 கடைசியில் இந்தியாவுக்கு வந்த வைஃபை காலிங் உதவும். ஆனால் வீட்டு வைஃபையின் குறைகள் அதிலும் சேர்ந்துகொள்ளும்.

அமைதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்புக் கம்பியில் யாரும் பேசாவிட்டாலும் லேசான ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் காலில் பேச்சு நின்றதும் அனுப்புவதையே நிறுத்திவிடலாம் என்பதால் முழு நிசப்தம் வந்து, ஆட்கள் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காகவே கேட்கும் பக்கத்தில் செயற்கையாக மெல்லிய இரைச்சலை உண்டாக்கிப் போடுகிறார்கள். பணம் செலவழித்து இரைச்சலை ஒழித்துவிட்டு, மறுபடி மெனக்கெட்டு இரைச்சல் தயாரிக்கிற தொழில் எங்களுடையது! இப்போதைய செயலிகள் பின்னணிச் சத்தத்தை வடிகட்டுவதிலும் மும்முரம். மழையும் மாட்டு மணியும் போகும்போது தாழ்ந்த குரலில் பேசும் வயதானவரின் வாக்கிய முடிவும் சேர்ந்து போய்விடுவதுண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு செப்புக் கம்பி சொக்கத்தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்து ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் கரகரவென்று இரையும், குறுக்கே இன்னொருவர் பேச்சு கேட்கும், இரண்டு நாளில் லைன் செத்துப்போகும். ரோடு அகலப்படுத்த ஜேசிபி வந்தால் ஒரு தெருவே ஊமையாகிவிடும். பழைய கருப்பு ஃபோனின் மைக்குக்குள் கரித்தூள்தான் இருந்தது, அது கட்டிப்போனால் ரிசீவரைத் தட்டித் தட்டிப் பேசவேண்டும். கிராமங்களுக்கு லேண்ட்லைன் பரவலானதே 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், ஏசி இல்லாமல் ஓடும் சின்ன எக்ஸ்சேஞ்சை உருவாக்கிய பிறகுதான். அதற்கு முன் டிரங்க் கால் போட்டுத் தொண்டை கிழியக் கத்தியவர்களும் உங்கள் அப்பா தலைமுறைதான். அப்பா நினைவில் வைத்திருக்கும் நல்ல லைன், டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்த பின்னால் உள்ள லைன். இன்று அதே கம்பியைப் பராமரிக்க ஆளும் குறைவு, உதிரியும் குறைவு. கெட்டால் திரும்பி வரும் என்று நம்புவது கஷ்டம்.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். ஃபைபரோடு தரும் லேண்ட்லைனும் ஐபி முறைதான். ஆனால் அது வாட்ஸ்அப் மாதிரி பொதுவழியில் அலைவதில்லை. நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே, குரலுக்கு முன்னுரிமை கொடுத்து அனுப்பும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்காக அமைத்திருந்தால் செப்புக் கம்பிக்கும் அதற்கும் வித்தியாசம் அப்பாவின் காதுக்குத் தெரியக்கூடாது. ஃபைபர் பெட்டியின் பின்னால் ஃபோன் என்று ஒரு துளை இருக்கும், அதில் அப்பாவின் பழைய ஃபோனையே மாட்டலாம். அதே ரிசீவர், காதோடும் வாயோடும் பொருந்தி உட்காரும் அதே வடிவம். மொபைலின் சின்ன ஸ்பீக்கரைக் காதில் சரியான இடத்தில் வைக்கத் தெரியாமல்தான் பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. 04342 நம்பர் மாறாமல் கிடைக்குமா என்பதை மட்டும் மனு கொடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

உண்மையான இழப்பு ஒன்று உண்டு, அது மின்சாரம். செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே 48 வோல்ட் வரும். ஊரில் கரண்ட் போனாலும் ஃபோன் பேசும். கிராமத்துச் சின்ன எக்ஸ்சேஞ்சுகளில் நீண்ட மின்வெட்டு வந்தால் அந்த பேட்டரியும் படுத்துவிடும் என்பது வேறு விஷயம். ஃபைபரில் வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் அந்த நொடியே ஃபோன் ஊமை. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். அதை வாங்காமல் மாறாதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர் 108-ஐக் கூப்பிட லேண்ட்லைனோ சாதாரண மொபைல் காலோதான் வேண்டும், வாட்ஸ்அப்பில் அது நடக்காது.

காது விஷயத்தில் நான் டாக்டர் இல்லை. வயதானால் முதலில் மங்குவது மேல் அலைவரிசைகள் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதனால் நமக்குப் பளிச்சென்று கேட்கும் அகல ஒலியால் அப்பாவுக்குப் பெரிய லாபம் இல்லாமல் போகலாம், சத்தம் கூடுவதும் திக்காமல் வருவதும்தான் அவருக்கு முக்கியமாக இருக்கலாம். இது என் ஊகம். ஒலி கூட்டும் வசதியுள்ள லேண்ட்லைன் ஃபோன்கள் கிடைக்கின்றன, ஒன்றை வாங்கிப் பார்க்கலாம்.

வாட்ஸ்அப் உடைவது உங்கள் பக்கமா, அப்பா பக்கமா, தம்பி பக்கமா என்பதை இங்கிருந்தே என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். யாருடைய குரல் எல்லோருக்கும் உடைந்து கேட்கிறதோ, அவருடைய மேலேற்றும் பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. யாருக்கு எல்லோருடைய குரலும் உடைகிறதோ, அவருடைய இறங்கும் பக்கம். மூன்று பேரும் ஒரே காலில் சேர்ந்து பேசினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் ரவுட்டரின் பக்கத்திலேயே நின்று பேசிப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றம் வைஃபையினுடையது. சரியாகவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பேசிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால்தான் இன்டர்நெட் நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கவேண்டும். "வேகம் சரியாத்தான் சார் இருக்கு" என்று சொல்வார்கள். வேகத்தை விட்டுவிட்டு, தாமதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, பாக்கெட் எவ்வளவு தொலைகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.